ரீமேப் செய்த காரில் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களை ரீமேப் (இன்ஜின் மென்பொருளை மாற்றி எழுதிச் சக்தியைக் கூட்டுவது) செய்தவர்களும் செய்யப்போகிறவர்களும் டிஎஸ்ஜி பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே தொகுக்கப்பட்டிருக்கின்றன. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

டிஎஸ்ஜினா என்ன சார், ஏஎம்டி மாதிரிதானே?

இல்லை. ஏஎம்டி என்பது ஒரே கிளட்ச் உள்ள மேனுவல் கியர்பாக்ஸ்தான். காலும் கையும் செய்கிற வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது, அவ்வளவே. டிஎஸ்ஜிக்குள் இரண்டு கிளட்ச் உண்டு. ஒன்று ஒற்றைப்படை கியர்களையும் மற்றது இரட்டைப்படை கியர்களையும் இயக்கும். மூன்றாம் கியரில் போகும்போதே நான்காம் கியர் உள்ளே விழுந்து காத்திருக்கும். ஒரு கிளட்ச் விட, மற்றொன்று பிடிக்க, மாறியதே தெரியாது.

இந்த வேலையை நடத்துவது மெக்கட்ரானிக். வால்வுகள், சென்சார்கள், கண்ட்ரோல் யூனிட் எல்லாம் சேர்ந்த ஒரே பெட்டி அது. கீழே சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை கிளட்சில் இருக்கும், இல்லாவிட்டால் மெக்கட்ரானிக்கில் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பாகம் வாங்குவதில்தான் நிறையப் பணம் வீணாகிறது.

என் காரில் எந்த கியர்பாக்ஸ் இருக்குன்னு எப்படித் தெரியும்? ஸ்லாவியா 1.0 ஆட்டோமேட்டிக் வெச்சிருக்கேன், அதுவும் டிஎஸ்ஜிதானே?

அது டிஎஸ்ஜி இல்லை. ஸ்லாவியா, குஷாக், விர்ட்டஸ், டைகுன் 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கில் வந்தது 6 கியர் டார்க் கன்வெர்ட்டர். 2020-க்குப் பிறகு வந்த போலோ 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கும் அப்படியே. இந்தப் பக்கத்தில் உள்ளவை அவற்றுக்குப் பொருந்தாது.

போலோ ஜிடி 1.2 டிஎஸ்ஐ, வென்டோ, ரேபிட் 1.5 டீசல், ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ, இப்போதைய 1.5 டிஎஸ்ஐ வண்டிகள் ஆகியவற்றில் வரும் 7 கியர் டிஎஸ்ஜி எல்லாம் டிக்யூ200 குடும்பம். இது உலர் கிளட்ச். லாரா டீசல், ஜெட்டா டீசல், ஆக்டேவியா 2.0 டீசல், ஆக்டேவியா ஆர்எஸ் 230 ஆகியவற்றில் 6 கியர் டிக்யூ250. இதில் கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும். ஆர்எஸ் 245-இல் டிக்யூ381, 2017 டிகுவான் டீசலில் டிக்யூ500. இவையும் ஆயில் கிளட்ச்தான்.

டிக்யூ200 எவ்வளவு டார்க் தாங்கும்? நெட்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

டார்க் என்பது இன்ஜினின் சுழற்றும் விசை. நிறுவனம் நிர்ணயித்த அளவு 250 நியூட்டன் மீட்டர். இதைச் சும்மா எழுதிவைக்கவில்லை. இந்தியாவில் விற்ற சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ-இல் மேனுவலுக்கு 320, அதே இன்ஜினின் டிஎஸ்ஜி வண்டிக்கு 250 என்றுதான் கொடுத்தார்கள். கியர்பாக்ஸுக்காக இன்ஜினையே அடக்கிவைத்தார்கள் என்று அர்த்தம். ஆகவே ஆக்டேவியா 1.8-ஐ ஸ்டேஜ் 1 (பாகம் எதையும் மாற்றாமல் மென்பொருள் மட்டும்) செய்து 300-ஐத் தாண்டும்போது, கம்பெனி வேண்டுமென்றே போட்ட பூட்டைத்தான் திறக்கிறோம்.

போலோ ஜிடி 1.2 கதை வேறு. கம்பெனி டார்க் 175 மட்டுமே. நிதானமான ஸ்டேஜ் 1 செய்தாலும் 250-க்குள் அடங்கும். 1.5 டிஎஸ்ஐ கம்பெனியிலிருந்தே 250-இல் வருகிறது. அதில் மிச்சம் எதுவும் இல்லை. 1.5 டீசலும் 250தான், ஆனால் டீசல் அந்த டார்க்கைக் குறைந்த ஆர்பிஎம்மிலேயே கொட்டும். ரீமேப் செய்த டீசல் டிக்யூ200-தான் இந்தக் குடும்பத்தில் சீக்கிரம் கிளட்ச் கேட்கும்.

அப்போ டிக்யூ200-ல ரீமேப் பண்ணவே கூடாதா?

செய்யலாம். டார்க் எங்கே ஏறுகிறது என்பதைப் பார்த்துச் செய்ய வேண்டும். 1,600 ஆர்பிஎம்மில், ஐந்தாம் ஆறாம் கியரில், மிதித்தவுடன் 300 வருகிற மேப் கிளட்சைத் தின்றுவிடும். அதே 300, 2,500-க்கு மேல் மெல்ல ஏறி வந்தால் கிளட்ச் தாக்குப்பிடிக்கும். நல்ல டியூனர் கியர்வாரியாக டார்க்கைக் கட்டுப்படுத்தித் தருவார். 'லோ எண்ட் செம பிக்கப் ப்ரோ' என்று விற்கிறவரிடம் டிக்யூ200 வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இன்ஜின் ஈசியூ (கண்ட்ரோல் யூனிட்) மட்டும் ரீமேப் பண்ணினேன். கியர்பாக்ஸுக்கும் தனியா டியூன் போடணும்னு சொல்றாங்க. பிசினஸா?

பிசினஸும் உண்டு, காரணமும் உண்டு. கியர்பாக்ஸ் கிளட்சை எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதை இன்ஜின் ஈசியூ சொல்லும் டார்க் கணக்கை வைத்தே முடிவு செய்கிறது. ரீமேப்பில் அந்தக் கணக்கு சரியாகத் திருத்தப்பட்டிருந்தால் கியர்பாக்ஸுக்கு உண்மை தெரியும்; தன் வரம்பு வந்ததும் டார்க்கைக் குறைக்கச் சொல்லும். மேல் கியரில் வண்டி இழுக்காமல் நிற்பது போல உங்களுக்குத் தோன்றும். வரம்பைத் தாண்டுவதற்காகச் சிலர் டார்க் கணக்கையே குறைத்துக் காட்டி எழுதிவிடுவார்கள். இன்ஜின் 340 கொடுக்கும், கியர்பாக்ஸுக்கு 250 என்று போகும். அது 250-க்கான அழுத்தத்தில் பிடிக்கும். மிச்சம் 90-ம் வழுக்கலாக, சூடாக மாறும். ரீமேப் செய்த மூன்றே மாதத்தில் கிளட்ச் போன கார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

டிசியூ (கியர்பாக்ஸின் கண்ட்ரோல் யூனிட்) டியூன் இந்த வரம்பையும் அழுத்தத்தையும் சேர்த்தே உயர்த்தும். டிக்யூ250, 381, 500-இல் இதற்கு நல்ல பலன் உண்டு. டிக்யூ200-இல் பலன் குறைவு. லிவர் வழியாகத் தள்ளப்படும் உலர் கிளட்சுக்குக் கூடுதல் பிடிப்பை ஓரளவுக்கு மேல் வாங்கித்தர முடியாது.

ஸ்லிப் ஆகுதான்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விசிடிஎஸ் அல்லது ஓபிடி லெவன் என்ற ஸ்கேனர் போதும். இன்ஜின் ஆர்பிஎம், இன்புட் ஷாஃப்ட் 1 (ஒற்றைப்படை கியர்கள்), இன்புட் ஷாஃப்ட் 2 (இரட்டைப்படை) ஆகிய மூன்றின் வேகத்தையும் லாக்கில், அதாவது ஸ்கேனர் பதிவில், போடுங்கள். காலியான சாலையில் மேனுவல் மோடில் நான்காம் கியர், 1,800 ஆர்பிஎம்மில் இருந்து முழு ஆக்சிலரேட்டர். பிறகு ஐந்தாம் கியரில் அதே மாதிரி. நான்கில் பார்க்க வேண்டியது இரட்டைப்படை ஷாஃப்ட், ஐந்தில் ஒற்றைப்படை.

கிளட்ச் முழுதாகப் பிடித்த பிறகு இன்ஜினும் அந்த ஷாஃப்டும் ஏறக்குறைய ஒரே எண்ணில் ஓட வேண்டும். டார்க் உச்சத்தில் வித்தியாசம் நூறைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அது ஸ்லிப். ரீமேப்புக்கு முன் ஒரு லாக், பின் ஒரு லாக் எடுத்துவைப்பது நல்லது. முன்பே வழுக்கிய கிளட்ச் என்றால் டியூனரைக் குறைசொல்ல முடியாது.

சிக்னல்ல இருந்து எடுக்கும்போது வண்டி உதறுது. ரிவர்ஸ்ல இன்னும் மோசம். மெக்கட்ரானிக் மாத்தணும்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க.

அவசரப்படாதீர்கள். கிளம்பும்போது, ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது, ரிவர்ஸில் உதறல் இருக்கிறது, ஃபால்ட் கோட் எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் கிளட்ச்தான். டிக்யூ200-இல் 2, 4, 6, ரிவர்ஸ் நான்கும் கே2 என்ற ஒரே கிளட்சில் ஓடுகின்றன. பேஸ்மென்ட் பார்க்கிங் ராம்ப்பில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். அங்கே வண்டி தடதடவென்று ஆடினால் கே2 தேய்ந்திருக்கிறது, அல்லது சூட்டில் பளபளத்துப்போயிருக்கிறது.

டிக்யூ250-இல் ரிவர்ஸ் ஒற்றைப்படைப் பக்கம் சேர்ந்தது. அதில் உதறல் வந்தால் முதலில் ஆயில் மாற்றிப் பாருங்கள். போகாவிட்டால் கிளட்ச் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் என்215, என்216 சோலினாய்டு வால்வுகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். அவை தேய்ந்தாலும் உதறும், அவற்றைத் தனியே மாற்றலாம்.

டிராஃபிக்ல எப்படி ஓட்டினா கிளட்ச் நிக்கும்? சிக்னல்ல நியூட்ரல் போடணுமா?

தேவையில்லை. பிரேக்கை நன்றாக மிதித்து நின்றால் கியர்பாக்ஸே கிளட்சைத் திறந்துவிடும். ஆட்டோ ஹோல்டும் அதையே செய்யும். கெடுதல் எங்கே என்றால், பிரேக்கை அரைகுறையாக விட்டு இஞ்ச் இஞ்ச்சாக ஊர்வதில். கிண்டி கத்திப்பாரா மாதிரி இடத்தில் முன்வண்டிக்கும் உங்களுக்கும் ஒரு கார் நீளம் இடைவெளி விட்டு, பிரேக்கை முழுதாக விட்டு, கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் வரை உருண்டு, பிறகு நிறுத்துங்கள். நடுவில் ஆட்டோக்காரர் நுழைவார். நுழையட்டும்.

ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு என்று மாறிக்கொண்டே இருந்தால் மேனுவல் மோடில் ஒன்றாம் கியரிலேயே வையுங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தவே கூடாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் பஸ் ஏறும்போது பலரும் செய்வது இதைத்தான். டிக்யூ200-இன் கிளட்சைக் குளிர்விக்க ஆயில் கிடையாது.

டிஎஸ்ஜி ஆயில் 'லைஃப் டைம்', மாத்தவே வேண்டாம்னு ஷோரூம்ல சொன்னாங்களே?

டிக்யூ200-க்குக் கம்பெனி அட்டவணையில் ஆயில் மாற்றம் இல்லை என்பது உண்மை. அதில் இரண்டு தனி ஆயில்: கியர் பக்கம் சுமார் 1.7 லிட்டர், மெக்கட்ரானிக்குக்குத் தனியாகச் சுமார் 1 லிட்டர். ரீமேப் செய்த வண்டியில் கியர் ஆயிலை 60,000 கிலோமீட்டரில் மாற்றுவது நல்ல பழக்கம். இதனால் கிளட்ச் உதறல் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உலர் கிளட்சை அந்த ஆயில் தொடுவதே இல்லை.

பழைய வண்டி வாங்கினவர்களுக்கு ஒரு வரலாறு: ஆரம்பகால டிக்யூ200-இல் ஊற்றிய சிந்தெட்டிக் ஆயிலால் மின்கோளாறு வந்து ஃபியூஸ் போனது. 2013 நவம்பரில் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து மினரல் ஆயில் மாற்றிக்கொடுத்தார்கள். அந்தக் காலத்து வண்டி என்றால் சர்வீஸ் பதிவில் இது நடந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டிக்யூ250-க்கு 60,000 கிலோமீட்டர் என்று கம்பெனியே சொல்கிறது. ரீமேப் செய்திருந்தால் 40,000-இல் மாற்றுங்கள். ஃபில்டரும் சேர்த்து.

டிக்யூ250 ஆயில் மாத்துறதை ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லுங்க. லோக்கல் மெக்கானிக்கிட்டக் காட்டணும்.

ஜி052182 தரத்துக்கு ஏற்ற ஆயில் 6 லிட்டர், ஃபில்டர், அதன் ஓ-ரிங், டிரெயின் போல்ட்டின் வாஷர் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். வண்டி நாலு பக்கமும் மட்டமாக நிற்க வேண்டும். 14 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் கீழே உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் கொஞ்சம்தான் ஆயில் வரும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஓட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. அதை 8 மில்லிமீட்டர் ஆலனால் கழற்றினால்தான் மிச்சம் 5 லிட்டர் அளவு இறங்கும். மேலே ஃபில்டர் மூடியை 24 மில்லிமீட்டர் சாக்கெட்டால் திறந்து ஃபில்டரை மாற்றி, 20 நியூட்டன் மீட்டரில் மூடுங்கள். பிளாஸ்டிக் குழாயை 3 நியூட்டன் மீட்டரில், அதாவது விரல் பலத்தில், திரும்பப் போடுங்கள். அதிகம் திருகினால் உடையும்.

5.5 லிட்டர் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில நொடி வையுங்கள். ஸ்கேனரில் ஆயில் சூடு 35-க்கும் 45 டிகிரிக்கும் நடுவில் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே டிரெயின் போல்ட்டைத் திறங்கள். கூடுதல் ஆயில் வழியும். ஓட்டம் நின்று சொட்டாக மாறியதும் புது வாஷரோடு 45 நியூட்டன் மீட்டரில் மூடுங்கள். ஒரு சொட்டும் வராவிட்டால் ஆயில் போதவில்லை. இன்னும் ஊற்ற வேண்டும்.

நம் ஊரில் தவறு நடப்பது சூட்டில்தான். சித்திரை வெயிலில், மதியத்தில், வண்டி நிற்கும்போதே ஆயில் 40-ஐ நெருங்கியிருக்கும். அளவு பார்ப்பதற்குள் 55 ஆகிவிடும். விரிந்த ஆயில் அதிகமாக வழிந்துவிட, உண்மையில் குறைவாக நிரப்பி அனுப்பிவிடுவார்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலை ஆறு ஏழு மணிக்கு இந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள். 381, 500 கியர்பாக்ஸுக்கு ஆயிலும் அளவும் வேறு. இந்த எண்களை அங்கே பயன்படுத்தக் கூடாது.

ஓடிட்டு இருந்த வண்டி நடுரோட்டில் நின்னுடுச்சு. கியர் எதுவும் விழல, ஸ்பேனர் லைட் எரியுது. டிக்யூ200. கிளட்ச் போயிடுச்சா?

கிளட்ச் இப்படி ஒரே நொடியில் போகாது. ஸ்கேனரில் பி17பிஎஃப் அல்லது பி189சி என்ற ஃபால்ட் கோட் வந்தால் மெக்கட்ரானிக்கின் ஹைட்ராலிக் அழுத்தம் போய்விட்டது என்று பொருள். ஒரு பம்ப் சுமார் 40-இலிருந்து 60 பார் வரை அழுத்தம் ஏற்றி, அக்யூமுலேட்டர் என்ற உருளையில் சேமிக்கும். அந்த உருளை திருகப்பட்டிருக்கும் அலுமினிய உடலில், மரையைச் சுற்றி விரிசல் விழுவது இந்த மாடலின் பிரபலமான நோய். ஆயில் கசிய, பம்ப் ஓய்வில்லாமல் ஓடி, கடைசியில் கண்ட்ரோல் யூனிட் பம்ப்பைக் காப்பாற்ற நிறுத்திவிடும். முன்னறிகுறி உண்டு: இக்னிஷன் மட்டும் போட்டு அழுத்தத்தைக் கிராஃபில் பாருங்கள். கியர் எதுவும் மாற்றாமலேயே சில நொடிக்கு ஒருமுறை பம்ப் ஓடினால் கசிவு தொடங்கிவிட்டது.

இதற்கு முழு மெக்கட்ரானிக் வாங்க வேண்டியதில்லை. தடித்த சுவருள்ள மாற்று உடல், புது அக்யூமுலேட்டர், சீல்கள் போட்டு உங்கள் எலக்ட்ரானிக்ஸையே வைத்துச் சரிசெய்கிறார்கள். புது யூனிட் லட்சத்தைத் தாண்டும். இது அதில் ஒரு பகுதிதான். விரிசலை வெல்டிங் செய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். உடல் வளைந்தால் வால்வுகள் சிக்கும்.

மெக்கட்ரானிக் கழற்ற கியர்பாக்ஸையே இறக்கணுமா?

டிக்யூ200-இல் வேண்டாம், வண்டியிலேயே முன்பக்கமாக எடுக்கலாம். ஆனால் முதலில் ஸ்கேனர் வழியாக, கழற்றுவதற்குரிய நிலைக்குக் கியர்களைக் கொண்டுபோக வேண்டும். அழுத்தமே இல்லாத வண்டியில் இது முடியாது. கியரை மாற்றும் ஃபோர்க்குகளைக் கையால் நகர்த்தும் அனுபவம் உள்ளவர் வேண்டும். கிளட்ச் லிவர்களைத் தள்ளுகோலிலிருந்து விலக்காமல் இழுத்தால் தள்ளுகோல் வளையும். கனெக்டரைத் தொடும் முன் வண்டியின் உலோக உடலைத் தொட்டு நிலைமின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். மேலே உள்ள மூச்சுத்துளையை அடைக்காமல் கவிழ்த்தால் அந்த 1 லிட்டர் ஆயில் வெளியேறிவிடும். பிறகு காற்று நுழைந்து, நல்ல யூனிட்டே பி189சி காட்டும்.

கிளட்ச் செட் மாத்தினேன், இரண்டே வாரத்துல பழைய உதறல் திரும்ப வந்துடுச்சு. டூப்ளிகேட் செட்டா?

இருக்கலாம். ஆனால் இடைவெளி அளக்காமல் மாட்டியிருப்பதுதான் அதிகம் நடக்கிறது. டிக்யூ200-இல் கே1 (ஒற்றைப்படை கியர்களின் கிளட்ச்), கே2 இரண்டின் பேரிங்குக்கும் கிளட்சுக்கும் நடுவில் உள்ள உயரத்தை அளவுகோலால் அளந்து, பொருத்தமான தடிமனில் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) போட வேண்டும். ஷிம்கள் செட்டிலேயே பல அளவில் வரும். பழைய ஷிம்மையே போட்டு மூடினால் கிளட்ச் ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும், அல்லது முழுதாகப் பிடிக்காது. மெக்கானிக்கிடம் 'ரீடிங் எவ்வளவு வந்தது, எந்த ஷிம் போட்டீங்க?' என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது.

கிளட்சும் ஒரே மாதிரி இல்லை. 2011 நடுவில் வடிவம் மாறியது. முந்தையதும் பிந்தையதும் வேறு வேறு கிட். கியர்பாக்ஸின் தயாரிப்புத் தேதியை வைத்துத்தான் வாங்க வேண்டும், ஆர்சி புத்தகத் தேதியை வைத்து இல்லை.

அடாப்டேஷன் பண்ணினா சரியாகிடும்னு சொல்றாங்க, உண்மையா?

அடாப்டேஷன் என்பது கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதை கியர்பாக்ஸ் புதிதாகக் கற்பது. கிளட்ச் மாற்றிய பின், மெக்கட்ரானிக் கழற்றிய பின், டிசியூ டியூன் போட்ட பின் கட்டாயம் வேண்டும். ஆயில் சூடு 30-க்கும் 100-க்கும் நடுவில், பி-யில், பிரேக் மிதித்தபடி, ஏசி அணைத்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் செய்வார்கள். பிறகு ஒரு ஓட்டம்: ஒவ்வொரு கியரிலும் சிறிது நேரம் நிதானமாக.

தேய்ந்த கிளட்சை அது புதுசாக்காது. அடாப்டேஷன் செய்து ஒரு வாரம் வெண்ணெய் மாதிரி ஓடி, மறுபடி உதறினால், கிளட்ச் மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஐடிலிங்ல கொரகொரன்னு சத்தம், பள்ளத்துல கடகடன்னு சத்தம். உடையப் போகுதா?

ஐடிலிங்கில், குறிப்பாக இன்ஜினை அணைக்கும்போது வரும் சத்தம் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (இன்ஜின் அதிர்வை உறிஞ்சும் இரட்டைச் சக்கரம்). கிளட்சுக்காக கியர்பாக்ஸ் இறங்கும்போதே பார்த்துவிடுங்கள். இன்னொரு முறை இறக்கும் கூலி மிச்சம். குறைந்த வேகத்தில் மேடுபள்ளத்தில் டிக்யூ200 கடகடப்பது அதன் பிறவிக் குணம், பெரும்பாலும் வெறும் சத்தம்தான். வேகம் ஏற ஏற 'உய்ய்ய்' என்று ஏறும் ஊளைச் சத்தம் பேரிங், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

லாஞ்ச் கண்ட்ரோல் (நின்ற இடத்தில் ஆர்பிஎம்மை ஏற்றிவைத்து முழு வேகத்தில் கிளம்புவது) அடிக்கலாமா?

டிக்யூ200-இல் டியூனர் திறந்துகொடுத்தாலும் வேண்டாம். கிளட்சை விட டிஃபரன்ஷியல் முதலில் போகலாம். ஒரு டயர் வழுக்கிச் சுழன்று திடீரென்று பிடிக்கும் அடியில் அதன் நடுப்பின் உடைந்து, கியர்பாக்ஸ் கூட்டையே துளைத்துக்கொண்டு வந்த வண்டிகள் உண்டு. மழையில் வீல் ஸ்பின் அடிப்பதும் இதே கணக்கு.

ஆயில் கிளட்ச் கியர்பாக்ஸுகளில் எப்போதாவது செய்யலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை செய்யாமல், நடுவில் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி ஆயிலை ஆறவிடுங்கள். டிக்யூ250-இல் 138 டிகிரியைத் தாண்டினால் இன்ஜின் டார்க்கைக் குறைக்கும். 145-ஐத் தாண்டினால் கிளட்சையே திறந்துவிடும்.

ஆர்எஸ் 230 ஸ்டேஜ் 2 (மென்பொருளோடு சில பாகங்களும் மாற்றுவது) போகணும். டிக்யூ250 போதுமா?

நிர்ணயித்த அளவு 350. ஆர்எஸ் 230 கம்பெனியிலிருந்தே 350 கொடுக்கிறது. நல்ல டிசியூ டியூனோடு 420 முதல் 450 வரை, கிளட்ச் ஆரோக்கியமாக இருந்தால், நிலையாக ஓடும். அதற்கு மேல் வலுவான கிளட்ச் பேக் வேண்டும், பெரிய ஆயில் கூலரும் நல்லது. செலவு செய்யும் முன் மேலே சொன்ன லாக் எடுத்து, வழுக்குகிறதா என்று பாருங்கள். வழுக்காத கிளட்சை மாற்றுவதில் அர்த்தமில்லை.

சர்வீஸுக்கு விடும்போது ஸ்டாக் ஃபைல் (கம்பெனியின் பழைய மென்பொருள்) போட்டுட்டா வாரண்டி கிடைக்குமா?

நம்பாதீர்கள். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை ஈசியூவில் நிற்கும். கம்பெனி சர்வர் வித்தியாசம் கண்டால் அந்த வண்டிக்கு டிடி1 என்ற குறி விழும். அதன்பின் இன்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டி கேட்பது வீண் வேலை. வாரண்டி முடியும் வரை பொறுப்பது, இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் செலவு என் தலையில் என்று ஒப்புக்கொண்டு செய்வது. மூன்றாவது வழி கிடையாது.

புதுப்பேட்டையில் பழைய மெக்கட்ரானிக் பாதி விலைக்குக் கிடைக்குது. வாங்கலாமா?

விரிசல் கோளாறுக்காக என்றால் வேண்டாம். அதே வயதுள்ள, அதே அலுமினிய உடல்தான் அங்கேயும் இருக்கும். உங்கள் யூனிட்டின் எலக்ட்ரானிக்ஸே செத்துவிட்டது என்றால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் பாக எண் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். மென்பொருள் உங்கள் இன்ஜினுக்கும் கியர் விகிதத்துக்கும் உரியதாக மாற்றி எழுதப்பட வேண்டும். சில மாடல்களில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) பொருத்தமும் வேண்டும். டீசல் வண்டியின் யூனிட்டை அப்படியே பெட்ரோலில் மாட்டினால் ஓடும், ஆனால் தப்பான ஆர்பிஎம்மில் கியர் மாற்றும்.

கடையில் வாங்கும்போது அக்யூமுலேட்டரின் அடியைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். ஆயில் ஈரம் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். யூனிட்டைச் சாய்த்தோ கவிழ்த்தோ அடுக்கியிருந்தால் உள்ளே ஆயில் இல்லை என்று எடுத்துக்கொண்டு, மாட்டும்போது முழுதாக வடித்து 1 லிட்டர் புது ஆயில் ஊற்றச் சொல்லுங்கள். கேரண்டி என்றால் 'மாட்டி, அடாப்டேஷன் முடிந்து, 100 கிலோமீட்டர் ஓடும் வரை' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித்தர மறுத்தால் அந்த விலைக்கு மேலே சொன்ன மாற்று உடல் வேலையே லாபம்.